ரெண்டு தடவை ஏறினாலும் ஒரே எண்: வீட்டு எடை மெஷின் பற்றி ஒரு விமர்சனம்

எடை மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் செய்யும் சோதனை பெரும்பாலும் ஒன்றுதான். ஏறி நிற்பார்கள், எண்ணைப் பார்ப்பார்கள், இறங்கி இன்னொரு தடவை ஏறுவார்கள். ரெண்டு தடவையும் 64.3 என்று வந்தால் "பரவாயில்லையே, கரெக்டா காட்டுது" என்று பில் போடச் சொல்லிவிடுவார்கள். முதலில் 64.3, அடுத்து 64.6 என்று வந்தால் "இது சரியில்லைப்பா, வேற காட்டு" என்பார்கள்.

சோதனையில் தப்பே இல்லை. ஒரு அளவுகோல் ஒரே பொருளுக்கு ஒரே பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். சிக்கல் என்னவென்றால், நாம் இந்தச் சோதனையைத்தான் செய்வோம் என்பது மெஷின் தயாரிப்பவர்களுக்கும் தெரியும். அதனால் சந்தையில் உள்ள டிஜிட்டல் மெஷின்கள் சிலவற்றில் ஒரு சின்ன வேலை செய்து வைத்திருக்கிறார்கள். கடைசியாகக் காட்டிய எண்ணை மெஷின் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்து ஏறும்போது புது அளவு அதிலிருந்து சில நூறு கிராமுக்குள் இருந்தால், புதிதாக அளந்ததைக் காட்டாது. பழைய எண்ணையே திரும்பக் காட்டும்.

அதாவது, நம்பகமான மெஷினுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே அடையாளத்தை, நம்பகம் இல்லாத மெஷினும் சுலபமாகப் போட்டுக்கொள்கிறது. வினாத்தாளை முன்னாடியே பார்த்துவிட்ட மாணவன் மாதிரி.

இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியும், அதைவிடப் பெரிய இன்னொரு வித்தையைப் பற்றியும். கடைசியில் எதை வாங்கலாம் என்றும் சொல்கிறேன். ஆனால் 'சிறந்த 10 எடை மெஷின்கள்' மாதிரி பட்டியல் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். அந்தப் பட்டியல்கள் பலவும் கம்பெனிக்காரர்களின் அட்டைப்பெட்டியில் இருப்பதைத் திருப்பி எழுதியவைதான். எத்தனை கிலோ வரை தாங்கும், கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நிறத்தில் கிடைக்கும் என்றெல்லாம் இருக்கும். ரெண்டு தடவை அளந்து பார்த்தேன் என்று எழுதியவர் கூட அபூர்வம். வாங்கியவர்கள் போடும் நட்சத்திரமும் வாங்கிய வாரத்திலேயே போட்டதாக இருக்கும். மெஷின் பழுதாவதோ ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு.

உள்ளே என்ன இருக்கு

டிஜிட்டல் மெஷினைத் திருப்பிப் பார்த்தால் நாலு மூலையிலும் நாலு குட்டிக் கால்கள் இருக்கும். ஒவ்வொரு காலுக்கும் மேலே ஒரு சின்ன உலோகத் துண்டு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய மின்தடைப் பட்டை. நாம் ஏறியதும் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. பட்டை இழுபடுகிறது, அதன் மின்தடை துளி மாறுகிறது. அந்தத் துளி மாற்றத்தை வீட்ஸ்டன் பாலம் என்ற சுற்று பிடித்துக்கொடுக்கிறது. பள்ளிக்கூட இயற்பியலில் படித்தோமே, அதேதான். இந்தப் பட்டையை 1938-ல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பாலங்கள், விமானங்கள் எவ்வளவு வளைகின்றன என்று பார்க்கப் பயன்படுவதும் இதே தொழில்நுட்பம். எளிமையான, நல்ல தொழில்நுட்பம்தான். நான் குறை சொல்வது இதை இல்லை.

இதற்கும் திரைக்கும் நடுவில் ஒரு சிப் இருக்கிறது. என்ன எண்ணைக் காட்டுவது என்று முடிவு பண்ணுவது அதுதான். திரையில் 64.35 என்று ரெண்டு தசம இடம் வந்தால் 50 கிராம் வரை துல்லியம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது திரை எத்தனை கிராம் தாண்டித் தாண்டிக் காட்டும் என்பது மட்டும்தான். ஸ்கேலில் மில்லிமீட்டர் கோடு போட்டிருப்பதால் ஸ்கேல் நேராக இருக்கிறது என்று அர்த்தமில்லையே, அது மாதிரி. பெட்டியில் '50 கிராம் துல்லியம்' என்று பெரிதாகப் போட்டிருந்தால், இந்த ரெண்டையும் குழப்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டயல் மெஷின் இந்த விஷயத்தில் நேர்மையானது. ஸ்பிரிங், நெம்புகோல், முள். ஒரு கிலோவுக்கு ஒரு கோடு. குனிந்து பார்த்தால் ஒன்று, நிமிர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். நாளாக ஆக ஸ்பிரிங் தளரும். ஆனால் முந்தாநாள் என்ன காட்டினோம் என்று அதற்கு ஞாபகம் இருக்காது.

எங்கே இது விளையாட்டு இல்லை

எடை குறைக்கிறவர்களுக்கு 300 கிராம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் வீட்டு எடை மெஷினை மருத்துவக் கருவியாகப் பயன்படுத்தும் வீடுகள் நம்மிடையே நிறைய.

என் சித்தப்பாவுக்கு இதயம் பம்ப் செய்யும் வலு குறைவு. இந்த நோயில் உடம்பில் தண்ணீர் தேங்கும். கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் முன்னாலேயே எடை ஏற ஆரம்பித்துவிடும். ஏனென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதனால்தான் தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொல்கிறார்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதலில் உள்ள கணக்கு, 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் எடைதான் கணக்கு. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை கிலோ ஏறியது என்பதை வைத்துத்தான் எவ்வளவு நீர் எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

சித்தி ஒரு காலண்டரில் எழுதி வைத்திருந்தார். ஒரு வாரம் பார்த்தால் 71.2, 71.2, 71.2. "மெஷின்ல ஒண்ணும் ஏறலையேப்பா, ஆனா சாக்ஸ் தடம் அப்படியே பதியுது" என்றார். நாலாம் நாள் ஒரே தாவாக 71.9. அப்புறம் மருத்துவரிடம் பேசி மாத்திரை அளவை மாற்றினார்கள். பெரிதாக எதுவும் ஆகவில்லை. நியாயமாகச் சொல்லணும்னா, இந்த ஞாபகசக்தி வேலை 2 கிலோவை முழுசா மறைக்காது. ஆனால் முதல் ரெண்டு மூன்று நாளில் ஏறும் சில நூறு கிராம்களை மறைத்துவிடும். சீக்கிரம் தெரிந்துகொள்வதற்காகத்தான் தினமும் பார்க்கச் சொல்கிறார்கள். அந்தச் 'சீக்கிர'த்தைத்தான் அது தின்றுவிடுகிறது.

இதிலிருந்து ஒரு விதி எடுத்துக்கொள்ளலாம். மனித உடம்பு மூன்று நாள் தொடர்ந்து கிராம் மாறாமல் இருப்பது அபூர்வம். முந்தின ராத்திரி குடித்த தண்ணீர், காலையில் போன மலம், சாப்பாட்டில் உப்பு, எல்லாமே எடையில் தெரியும். ஆகவே தினமும் அச்சடித்த மாதிரி ஒரே எண் வந்தால் சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

முதல் சோதனைக்கு மொபைல் போன் போதும். பெரும்பாலான போன்கள் 200 கிராம் பக்கம் வரும். போன் இல்லாமல் ஏறி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். எண் மாறவே இல்லையா? இப்போது 5 கிலோவோ 10 கிலோவோ எடையுள்ள எதையாவது தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறி இறங்குங்கள். மெஷினின் ஞாபகம் இப்போது அந்தப் பெரிய எண்ணுக்குப் போய்விடும். மறுபடி போனோடு மட்டும் ஏறுங்கள். இப்போது 200 கிராம் கூடுதலாகக் காட்டினால், முதலில் உங்களுக்குக் காட்டியது அளவு இல்லை, ஞாபகம். உறுதிப்படுத்த இதையே ரெண்டு மூன்று முறை செய்து பாருங்கள்.

ரெண்டாவது சோதனைக்கு ஒரு 10 கிலோ அரிசிப் பை. 2022-ல் 25 கிலோ வரையான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ மூட்டை கட்ட ஆரம்பித்தார்களே, அது வேண்டாம், முதுகு பிடித்துக்கொள்ளும். நீங்கள் மட்டும் ஏறி ஒரு எண், பையை மட்டும் வைத்து ஒரு எண், பையைத் தூக்கிக்கொண்டு ஏறி ஒரு எண். முதல் ரெண்டையும் கூட்டினால் மூன்றாவது வரணும். 100, 200 கிராம் வித்தியாசம் பரவாயில்லை. அரைக் கிலோ, முக்கால் கிலோ இடித்தால் அந்த மெஷின் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் அளக்கிறது. இந்தச் சோதனைக்கு அரிசி சரியாக 10 கிலோ இருக்கணும் என்று கூட அவசியமில்லை, அதுதான் இதில் அழகு. ஆனால் மெஷின் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் கூட்டிக் காட்டினால் இது பிடிக்காது. அதற்குப் பையின் மேல் அச்சிட்ட எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, நிற்கும் இடம். நடுவில் நின்று ஒன்று, பாதத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி ஒன்று, பக்கவாட்டில் தள்ளி ஒன்று. நாலு கால்களும் ஒழுங்காக வேலை செய்தால் எண் பெரிதாக மாறாது. ரொம்ப ஓரத்துக்குப் போகாதீங்க, கண்ணாடி மெஷின் கவிழ்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பழைய எண்ணே வந்தால், நடுவில் ஒருமுறை அரிசிப் பையோடு ஏறி இறங்குங்கள்.

இடம் என்றதும் ஒன்று சொல்லணும். ஆங்கிலத்தில் இதற்குப் பேர் குளியலறைத் தராசு. அது காய்ந்த குளியலறை உள்ள ஊர்க்காரர்கள் வைத்த பேர். நம்ம குளியலறையில் பக்கெட் தண்ணி தெறிக்கும், தரை வடிகால் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வால் மட்டும் எடை பெரிதாக மாறாது. 50-க்கு 1 என்ற சாய்வில் 70 கிலோ ஆளுக்கு 14 கிராம்தான் குறையும். ஈரம்தான் எதிரி. மின்தடைப் பட்டைக்கும் பேட்டரி முனைக்கும் தண்ணி ஆகாது. ஈரக் கண்ணாடியில் வழுக்கி விழுகிற வயசானவர்களுக்கும் ஆகாது. படுக்கையறையில் கெட்டியான டைல்ஸ் தரையில், நாலு காலும் ஆடாமல் நிற்கிற ஒரு இடத்தைப் பார்த்து, அங்கேயே வைத்துவிடுங்கள். பாய், கார்ப்பெட் மேல் வேண்டவே வேண்டாம்.

கொழுப்பு சதவீதம் என்னும் ஜோசியம்

இப்போது அந்தப் பெரிய வித்தைக்கு வருகிறேன். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தால் உடல் கொழுப்பு, தசை, எலும்பு, வயிற்றுக் கொழுப்பு, 'உடலின் வயது' என்று பதின்மூன்று, பதினைந்து அளவுகள் மொபைலுக்கு வரும் என்கிறார்கள். இதில் மெஷின் உண்மையில் அளப்பது ரெண்டைத்தான். எடை ஒன்று, கால்களுக்கு இடையில் உள்ள மின்தடை ஒன்று. மற்ற அத்தனையும் இந்த ரெண்டோடு நீங்கள் கொடுத்த உயரம், வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்துப் போட்ட கணக்கு.

வேலை செய்யும் விதம் இது. உலோகத் தகட்டில் வெறுங்காலோடு நின்றால், உணர முடியாத அளவு சின்ன மின்னோட்டம், பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம், ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். தண்ணீர் உள்ள தசையில் மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பில் போகாது. தடையை வைத்து உடம்பில் எவ்வளவு தண்ணீர் என்று கணித்து, கொழுப்பில்லாத உடம்பில் சுமார் 73 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, மீதியைக் கொழுப்பு என்கிறார்கள். மின்னோட்டம் முக்கியமாகக் கால்கள் வழியாகவும் இடுப்புக்குக் கீழேயும்தான் போகிறது. வயிற்றுக்கு மேலே இருப்பதை அது சரியாகப் பார்ப்பதே இல்லை. ஒரு சொம்பு தண்ணி குடித்தாலும், பாதம் காய்ந்து வெடித்திருந்தாலும் எண் மாறும்.

சந்தேகம் இருந்தால் ஆப்பில் உங்கள் வயதைப் பத்து கூட்டிப் போட்டுவிட்டு ஏறிப் பாருங்கள். அல்லது பாலினத்தை மாற்றிப் பாருங்கள். கால் நிமிஷத்தில் உங்கள் உடம்பில் ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் கொழுப்பு சதவீதம் மாறியிருக்கும்.

ரயில்வே ஸ்டேஷனில் கலர் விளக்கு மின்னும் எடை மெஷின் ஞாபகம் இருக்கா? காசு போட்டால் ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். அது ஜோசியம் என்று எல்லாருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே படிப்போம். இன்றைய ஸ்மார்ட் மெஷின் செய்த ஒரே மாற்றம், ரெண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தளவில், ஒரே தசம இடத்தோடு அச்சடித்ததுதான்.

நமக்கு இது கூடுதலாக ஏன் முக்கியம் என்றால், இந்தியர்களின் உடல் கொழுப்பு விஷயத்தில் வெளித்தோற்றமும் எடையும் ஏமாற்றும். 2004-ல் லான்செட் இதழில் ரெண்டு மருத்துவர்கள் தங்களையே உதாரணமாக வைத்து ஒரு குறிப்பு எழுதினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. டெக்ஸா ஸ்கேனில் யட்கினின் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் கொழுப்பு 21.2 சதவீதம். ஒல்லியான கை கால், உள்ளே கொழுப்பு என்ற நம்ம ஊர் உடம்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. இப்படிப்பட்ட உடம்பை, காலில் மின்சாரம் விட்டு, வேறு மக்களிடம் எடுத்த கணக்கை வைத்து மதிப்பிட்டால் பிழை எந்தப் பக்கம் போகும்? 'நார்மல்' என்று பச்சை விளக்கு எரிந்து நிம்மதியாகத் தூங்கவிடும் பக்கம் போகவும் வாய்ப்பிருக்கிறது.

பி.எம்.ஐ.யிலும் இதே கதை. பல ஆப்கள் 25 வரை பச்சை காட்டுகின்றன. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-லிருந்து உடற்பருமன் என்று 2009-ல் இந்திய மருத்துவர்கள் கூடி எடுத்த ஒருமித்த கருத்தே இருக்கிறது. சர்க்கரை நோய் ஓடும் குடும்பத்தில் 24.5-ஐப் பச்சையாகக் காட்டும் ஆப் உதவி செய்யவில்லை. தையல்கடையில் கிடைக்கும் இஞ்ச் டேப் இந்த விஷயத்தில் எத்தனையோ மேல். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், இதைத் தாண்டினால் கவனிக்கணும். பேட்டரி வேண்டாம், பிறந்த தேதியும் போன் நம்பரும் கேட்காது.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று இருக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். "எண் தப்பா இருந்தாலும் பரவாயில்லை, மாசாமாசம் ஏறுதா இறங்குதான்னு போக்கு தெரியுமே" என்பார்கள். ஒரே நேரத்தில், ஒரே நிலையில், மாதக்கணக்கில் எடுத்தால் கொஞ்சம் தெரியலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்கும்போது போக்கு என்று விற்பதில்லை, 23.7 சதவீதம் என்றுதான் விற்கிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த மின்னோட்ட மெஷினில் ஏறவே கூடாது, கர்ப்பிணிகளும் தவிர்க்கணும் என்று கையேட்டில் எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். தாத்தாவும் பேத்தியும் ஒரே மெஷினில் ஏறும் வீட்டில் அதைப் பெட்டியின் முகப்பில் போடணும்.

தினமும் ஏறணுமா?

மருத்துவர் சொல்லியிருந்தால் ஆமாம், காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில். மற்றவர்களுக்கு வாரம் ஒரு தடவை போதும்.

ஏனென்றால் நாளுக்கு நாள் மாறுவது பெரும்பாலும் தண்ணீர். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அதே கணக்கில் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று ஒரு நாள் 3 கிராம் உப்பு கூடுதலாகத் தங்கினால், கூடவே 300 கிராமுக்கு மேல் தண்ணீரும் தங்கும். சோற்றைக் குறைத்த முதல் வாரம் ரெண்டு கிலோ இறங்குவதும் இந்த மாதிரிதான். உடம்பில் சேமித்த ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் இருக்கும், அது வெளியே போகிறது. கொழுப்பு அவ்வளவு வேகத்தில் கரையாது. இது தெரியாமல் காலையில் எண்ணைப் பார்த்து அன்றைக்குச் சாப்பாட்டை விடும் பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ரெண்டு தசம இடமும் முகம் சுளிக்கும் பொம்மையும் அந்த வயசில் தேவையே இல்லை.

நான் வாங்குவதாக இருந்தால்

எடை மட்டும் காட்டும் மெஷின். 100 கிராம் தாண்டல் போதும். பரப்பு அகலமாக, கால்கள் நாலு மூலைக்கும் தள்ளி இருக்கணும். எண் பெரிதாக, வயசானவர்கள் கண்ணாடி போடாமலே நின்றுகொண்டு படிக்கிற மாதிரி. வீட்டில் அதிக எடை உள்ளவரின் எடைக்கு மேல் தாங்கும் வரம்பு. சாதாரண பேட்டரி. இவ்வளவும் ஆயிரம் ரூபாய்ப் பக்கத்திலேயே கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் கடையாகப் பார்ப்பேன். பெட்டியைப் பிரித்த அன்றே போன் சோதனையும் அரிசிப் பை சோதனையும் செய்துவிடுவேன். தேறாவிட்டால் அடுத்த நாளே கடைக்குத் திரும்பிப் போகும்.

சித்தப்பா வீட்டில் பழைய மெஷினை மாற்றியாகிவிட்டது. புதுசு 71.4, 71.2, 71.5 என்று தினமும் கொஞ்சம் ஆடுகிறது. "இது ஒரு நிலையில நிக்க மாட்டேங்குதே" என்று சித்திக்கு இன்னும் அதன்மேல் சந்தேகம்தான். நிற்காமல் இருப்பதால்தான் அதை வாங்கினோம் என்று ஒவ்வொரு தடவை போகும்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.